காந்தம் ஒட்டினாலும் ஸ்டெயின்லெஸ்தான்
தினமும் கூடவே வைத்துக்கொள்ளச் சின்னதாக, மடங்காத கத்தி வாங்கும்போது, காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியில்லைங்க. 440சி போன்ற ஸ்டெயின்லெஸ் கத்தி எஃகில் காந்தம் நன்றாகவே ஒட்டும். சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது உருவாகும் மார்ட்டென்சைட் என்ற உள்ளமைப்புதான் காரணம்; கூர் நீடித்து நிற்பதும் அதனால்தான். காந்தம் ஒட்டாத 304 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்தை அப்படிக் கடினமாக்க முடியாது, சீக்கிரம் மழுங்கிவிடும்.

நீங்களே பார்க்கலாம். 18/10 (18% குரோமியம், 10% நிக்கல் உள்ள ஸ்டெயின்லெஸ்) என்று பொறித்த ஸ்பூனில் காந்தம் ஒட்டாது, மிஞ்சினால் லேசாக இழுக்கும். ஸ்டெயின்லெஸ் முத்திரை உள்ள சமையல் கத்தியின் அலகிலோ டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வாங்கும் முன் எஃகின் பெயரைக் கேட்டு, தயாரிப்பாளரின் விவரத்தாளில், துருப்பிடிக்காமல் காக்கும் குரோமியம் எவ்வளவு என்று பாருங்கள். 440சி என்றால் 16 முதல் 18 சதவீதம் இருக்கும்.