மான் நடனம் அஸ்டெக்குகளுடையது அல்ல

மெக்சிகோவின் நடன அமைப்பாளர் அமாலியா எர்னாண்டஸ் ஒரு பழங்குடிப் பெண், அஸ்டெக் மக்களின் மான் நடனத்தை அப்படியே, துளியும் மாற்றாமல் உலகுக்குக் காட்டினார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அவர் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இதில் மூன்றும் பிழை.

அமாலியா மெக்சிகோ நகரத்தின் வசதியான குடும்பத்தில் 1917இல் பிறந்தவர். கற்றது பாலேயும் நவீன நடனமும். 1952இல் அவர் தொடங்கிய சிறு நடனக் குழுதான் பாலே ஃபோல்க்லோரிகோ. 1961இல் பாரிஸில் பரிசு வாங்கியதும் அதே குழுதான்.

மான் நடனம் யாக்கி, மாயோ என்ற பழங்குடி மக்களுடையது. (இந்த மாயோ வேறு, மாயா வேறு.) அவர்கள் வாழ்வது வடமேற்கில், சொனோரா, சினலோவா பக்கம், அஸ்டெக்குகளின் மண்ணோ நடு மெக்சிகோ. ஊரில் அது விடிய விடிய நடக்கும் சடங்கின் ஒரு பகுதி. ஆடுபவர் தலையில் மான் தலை, காலில் அந்துப்பூச்சிக் கூடுகளுக்குள் சிறு கற்கள் இட்டுக் கோத்த சரம், கைகளில் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை. தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட அரைச் சுரைக்குடுக்கைதான் முரசு. பாட்டு யாக்கி மொழியில், மானின் உலகத்தைப் பற்றியது.

மேடையில் நாம் பார்ப்பது இதைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கி, பாலே பயிற்சி பெற்ற உடலின் துள்ளல்களோடு அமாலியா அமைத்த படைப்பு. மான் சாகும் அந்தக் கடைசித் துடிப்பு என்னையும் உறைய வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் 'அப்படியே' என்று சொல்லும்போது அவருடைய கற்பனைக்கும் பெயரில்லை, யாக்கி மக்களுக்கும் பெயரில்லை. பதிவில் அஸ்டெக் என்பதை யாக்கி என்றாவது மாற்றிவிடுங்கள்.