பகிடி என்று சொல்லிவிட்டால் வதை போய்விடுமா?

ஆசிரியர் தினத்தன்று ஒரு பாடசாலையில், ஓர் ஆசிரியையை மட்டும் வெளியே நிறுத்தி எடுக்கப்பட்டுப் பகிரப்பட்ட அந்த ஒளிப்படத்தைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் நேற்றிரவு, நான் இன்றைக்கும் மதிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் அதன் கீழ், "இதெல்லாம் பகிடி, பெரிசாக்காதேங்கோ" என்று எழுத, அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்களாகவே இருந்ததைக் கண்ட பிறகு பேசாமலிருக்க முடியவில்லை.

பத்தொன்பது பேர் மாலையுடன் நிற்கும் அந்தப் படத்தில் இருபதாவது ஆசிரியர் இல்லை. அவர் அன்று லீவிலும் இல்லை. "நீங்கள் எடுங்கோ மிஸ், எப்பவும் போனோடதானே நிக்கிறனீங்கள்" என்று சொல்லிக் கைபேசியை அவரது கையில் கொடுத்தார்கள். பக்கத்திலேயே பத்தாந்தரப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுத்திருந்தால் படம் இதைவிட நன்றாகவே வந்திருக்கும்.

அந்த ஒரு நாள் மட்டும்தானா? அவரது சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். இரண்டாந் தவணை முழுவதும், வராத ஆசிரியர்களின் பாடவேளைகளில் பெரும்பகுதி அவரது தலையில்தான் விழுந்தது. பதில் வகுப்புப் பட்டியல் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுவதில்லை. காலையில் ஒரு துண்டுக் கடதாசியாக மாணவர் ஒருவரின் கையில் வரும். அமய விடுமுறைக்கு விண்ணப்பித்தால் எல்லோருக்கும் முன்னால் காரணம் கேட்கப்படும். ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத விடயங்கள்தான். வதை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

"பகிடிவதை" என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவர்கள் நாங்கள். அதில் பகிடி பாதி, வதை பாதி. எமக்கு முதற்பாதி மட்டுமே கேட்கிறது. இலங்கையின் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தை நாம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான சட்டம் என்றே நினைத்திருக்கிறோம். உயர்கல்வி நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டங்கூட, மாணவருக்கு மட்டுமன்றிப் பணியாளருக்கு ஏற்படும் மன வேதனையையும் அச்சத்தையும் பகிடிவதைக்குள் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்தது எமது ஆசிரியர் ஓய்வறைக்குப் புரியவில்லை.

"ஒருநாள் நடந்ததைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்" என்று சிலர் சொல்வார்கள். சுவீடனில் வேலைத்தள வதையை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரத்துக்கு ஒரு தடவையேனும் ஆறு மாதங்களுக்கு நடப்பதையே வதை என்று அளந்தார். 2019 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு நிறைவேற்றிய 190 ஆம் சமவாயமோ, ஒரேயொரு தடவை நடந்தாலும் துன்புறுத்தல் துன்புறுத்தலே என்கிறது. உங்களுக்கு எந்த அளவுகோல் விருப்பமோ அதை எடுங்கள். இந்த ஆசிரியையின் கதை இரண்டிலும் சித்தியடையும்.

எனது கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "உங்களுக்கென்ன தெரியும்" என்பீர்கள். 2014 இல் எனது முதல் நியமனம் மாங்குளத்துக்கு அப்பால், அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றில். அங்கே தேநீருக்கு மாதக் காசு சேர்ப்பார்கள். முதல் மாதம் என்னிடம் எவரும் கேட்கவில்லை. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பட்டியல் முடிஞ்சுது" என்றார் பொறுப்பாக இருந்தவர். ஆசிரியர்கள் பதினான்கு பேர், கோப்பை பதின்மூன்று. தட்டைக் கொண்டுவரும் பிள்ளை ஐந்தாந்தரம் படித்தாள். மேசையைச் சுற்றி வந்து, எனக்கு முன்னால் வந்ததும் தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு திரும்புவாள். ஒரு வாரம் கழித்து அவள் என் பக்கமாக வருவதையே விட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் சுற்றத் தொடங்கினாள். எனக்கு நோகக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பதின்மூன்று பட்டதாரிகளுக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. நான் இடைவேளைகளில் பின்பக்கத்துப் பாலை மரத்தடிக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

இளம் ஆசிரியர்கள் சிலர் வேலை செய்வதில்லை, கண்டித்தால் உடனே வதை என்கிறார்கள் என்பதும் உண்மைதான். கண்டியுங்கள்; அலுவலகத்துக்குள் கூப்பிட்டு, எழுத்தில் கண்டியுங்கள். அதற்குமேல் இதில் பேச எதுவுமில்லை.

ஆனால், "நாங்கள் செல்லடிக்குள்ள படிப்பிச்சனாங்கள், இதெல்லாம் ஒரு கஷ்டமோ" என்று சொல்பவர்களுடன் எனக்கு நிறையப் பேச இருக்கிறது. ஐயா, நானும் போர் முடிந்த 2009 இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழேயிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளை. உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குப் படிப்பித்தீர்கள். குடும்பத்தில் மூன்று பேரைப் பறிகொடுத்த ஆசிரியர் ஒருவர் இரசாயனவியல் படிப்பித்தார். இடையில் அவருக்குப் பேச்சு வராமற் போகும்போது பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து, ஒன்றும் கேளாமல், அவர் விட்ட வரியிலிருந்து தொடருவார். அன்றைக்கு அப்படி இருக்கத் தெரிந்த உங்களுக்கு இன்றைக்கு என்ன நடந்தது? பட்ட துன்பம் அடுத்தவரைத் துன்புறுத்துவதற்கான அனுமதிப்பத்திரம் என்று எந்தச் சுற்றுநிருபத்தில் வந்தது?

"முறைப்பாடு செய்யலாம்தானே" என்கிறீர்கள். செய்யலாம். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும் கடிதம் "அதிபர் ஊடாக" என்ற வரியுடன் போகவேண்டும். அதிபரே சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்றால் அந்தக் கடிதம் எந்த இலாச்சிக்குள் கிடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு முறையிட 1929 என்ற தொலைபேசி இலக்கமாவது இருக்கிறது. ஆசிரியருக்கு இருப்பது இடமாற்ற விண்ணப்பம் ஒன்றுதான். வதைபட்டவர் போவார், வதைத்தவர் அதே கதிரையில் இருப்பார், அடுத்த நியமனம் வரும்.

வன்னிக்கு வரும் ஆசிரியர்கள் நிற்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறோம். பஸ் இல்லை, வீடு இல்லை, யானை வருகிறது என்று காரணம் அடுக்குகிறோம். யானைக்குப் பயந்து போன ஆசிரியர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஓய்வறைக்குப் பயந்து போனவர்கள் மூன்று பேரைத் தெரியும். அதில் ஒருவர் கணித ஆசிரியர். அவர் போன பிறகு அந்தப் பாடசாலையில் இரண்டு வருடம் கணிதத்துக்கு ஆள் இல்லை. பகிடிதானே!

"பாடசாலையின் பெயர் கெடும், வெளியில் பேசலாமா?" நான் எந்தப் பாடசாலையின் பெயரையும் எழுதவில்லை. கெடும் என்று பதறுகிறவர்கள் தாங்களாகவே வந்து முகவரி கொடுக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய விடயமும் அல்ல. பதில் வகுப்புப் பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். யாருக்கு எத்தனை என்று எல்லோரும் எண்ணட்டும். அதிபர்களே, ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் சிரித்தால், "என்ன பகிடி, எங்களுக்கும் சொல்லுங்கோ" என்று ஒரு தடவை கேளுங்கள். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவராவது "மிஸ், நீங்கள் வாங்கோ, நான் எடுக்கிறன்" என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்படிச் சொல்வதற்கு எந்தத் தரத்தில் இருக்கவேண்டும்?

கீழே வந்து திட்ட விரும்புபவர்கள் திட்டலாம், அழிக்க மாட்டேன். ஆனால் தயவுசெய்து அவர் யார் என்று கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். நேற்றிலிருந்து ஏழு பேர் கேட்டுவிட்டார்கள், எல்லோரும் ஆசிரியர்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.