ஊசுடு ஏரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மீட்பு நிலையமா? படம் மிச்சிகன் ஏரியுடையது

"ஊசுடு ஏரியில் பிரெஞ்சுக்காரர் 1901-இல் கட்டிய உயிர்காப்பு நிலையம்" என்று ஒரு படம் புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதில் வருஷம் மட்டும்தான் சரி.

அது அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஸ்லீப்பிங் பேர் பாயின்ட் நிலையம். படகுக் கொட்டகை வாசலிலிருந்து தண்டவாளம் இறங்குகிறது பாருங்கள், மீட்புப் படகைத் தண்ணீரில் இறக்க அதுதான் வழி. புயலில் படகு போக முடியாவிட்டால், தரைதட்டிய கப்பலை நோக்கிச் சின்ன பீரங்கியால் கயிற்றைச் சுடுவார்கள். அப்புறம் மிதவை வளையம் ஒன்று அந்த வழியே போகும். அதில் கால்சட்டை மாதிரி கான்வாஸ் தைத்திருக்கும். அதற்குள் காலை விட்டு உட்கார்ந்தால் ஒவ்வொருவராகக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். மணல்மேடு நகர்ந்து நெருக்கியதால் 1931-இல் கட்டடத்தையே இடம் மாற்றினார்கள். இப்போது அருங்காட்சியகம்.

நம் ஊசுடு பாசன ஏரி. ஒரு பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2008-இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே கப்பல் எங்கிருந்து தரைதட்டும்?

சரி, பிரெஞ்சுக் காலத்தில் கப்பல்களுக்காகக் கட்டியதைப் பார்க்க ஆசையென்றால், காந்தி சிலைப் பக்கம் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1836-இல் விளக்கேற்றியது.