அம்மாவின் கையிலிருந்த 12 கிலோ

சனிக்கிழமை காலை உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும். அதற்குப் பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்தப் பயிற்சியாளருக்காகப் பரிந்து பேசியதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். 72 வயதான என் அம்மா, ஏழு மாதங்களாகப் படிப்படியாக எடையைக் கூட்டி, அன்று முதல்முறையாக 12 கிலோ கெட்டில்பெல்லை, அதாவது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை, தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றார். புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்குச் சேர்ந்திருந்த அந்த இளைஞர் ஓடிவந்து, அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "பாட்டி, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? நடந்தாலே போதும்" என்றார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

"அவர் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" என்று கேட்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. முதியவர்களின் கையிலிருந்து ஒவ்வொரு பாரத்தையும் நாம் நல்ல எண்ணத்தோடுதான் பிடுங்குகிறோம். தண்ணீர் வாளியை வாங்கிக்கொள்கிறோம், பையை வாங்கிக்கொள்கிறோம், மாடிப்படி ஏற வேண்டாம் என்கிறோம், தரையில் உட்கார வேண்டாம் என்கிறோம். பிறகு ஒருநாள் அவர்களால் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போகும்போது, பழியை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். வயது தளர்த்துகிறது என்பது உண்மை. தூக்குவதற்கு ஒன்றுமே இல்லாமல் செய்வதும் தளர்த்துகிறது என்பது அதே அளவுக்கு உண்மை. அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

நடந்தாலே போதும் என்ற பேச்சுக்கு வருகிறேன். அம்மாவும் நடக்கிறார், நடை நல்லது, இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால் வயது கூடும்போது தசை ஒரே சீராகக் குறைவதில்லை. வேகமாகச் சுருங்கி விசை கொடுக்கும் இழைகள்தான் அதிகமாக மெலிகின்றன. கால் தடுக்கும் நொடியில் மற்றொரு காலை முன்னால் வீசி உடலைத் தாங்கிப் பிடிப்பவை அந்த இழைகள். மெதுவான நடை அவற்றை வேலைக்கு அழைப்பதே இல்லை, பாரம்தான் அழைக்கிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலிமை இன்னும் வேகமாகக் குறைகிறது என்பதால், பார்வைக்கு நன்றாக இருப்பவர்கூட படியேறத் திணறுவார். இந்த இழப்புக்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். பெயர் வைக்குமளவுக்கு அது ஒரு தனிச் சிக்கல். "வயசானா அப்படித்தான்" என்று கைகழுவிவிடக் கூடியது அல்ல.

72 வயதில் தசை வளருமா என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு, தொடைத் தசைகளுக்கான கடினமான பளுப் பயிற்சியை 8 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார்கள். அதே குழு 1994இல், சராசரி வயது 87 உள்ள 100 பேரை வைத்து அதைப் பெரிதாகச் செய்தபோதும் பயிற்சி பெற்றவர்களின் வலிமை இரட்டிப்புக்கு மேல் ஆனது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 96 வயதிலும் பாரத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த தசை, 72 வயதில் என் அம்மாவிடம் செத்துப்போயிருக்குமா?

எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். எலும்பும் தன்மேல் விழும் சுமையைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரத்துக்கு இரண்டு முறை, 30 நிமிடம், நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். 8 மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு அது குறைந்தது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, இதை ஒப்புக்கொள்கிறேன். நாங்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். தண்ணீர் போத்தலை வைத்துத் தொடங்கினோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. பயிற்சியாளர் என்று எழுதிய சட்டையை அணிந்திருப்பவர் அதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தவறா?

இவ்வளவு கோபம் ஏன் என்று என் தோழி கேட்டாள். அவளுக்கு அப்பாவைப் பற்றி நான் முழுதாகச் சொன்னதில்லை. அப்பா காய்ச்சலோடு மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது, எல்லா அறிக்கையும் நன்றாக வந்தது, வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த அன்று மாலை நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்து, ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை முயன்றும் எழ முடியாமல், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் பார்த்தேன். ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் சுமார் 1 கிலோ தசை போயிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அன்று அது எனக்குத் தெரியாது. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், "நீங்க அசையாதீங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிச் சொல்லி, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தேன். அவரே எழுந்து போய் எடுக்க வேண்டிய எதையும் மீதி வைக்கவில்லை. அவர் மறுபடி தானாக எழவே இல்லை. அன்பான மகள் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

எனவே "அம்மாவை ஏன் வதைக்கிறாய்" என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சொல் எங்கே போய்க் குத்துகிறது என்று தெரியாது. ஒருவரை நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு இழந்திருக்கிறேன். அந்த இளைஞர் மீது எனக்குப் பகை இல்லை. அவர் சொன்னதை நானே ஒரு காலத்தில் சொன்னவள். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று நாள் அம்மா பயிற்சிக்கு வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நேற்று இரவு விளக்கை அணைக்கும்போது, "அன்னைக்கு எத்தனை தடவை தூக்கினேன்?" என்று கேட்டார். ஒரு தடவைதான், இறக்குவதற்குள் வாங்கிவிட்டார்கள் என்றேன். "அப்போ அது கணக்கில்ல" என்று சொல்லிவிட்டு, காலை ஐந்தரைக்குத் தன்னை எழுப்பச் சொன்னார்.