ஐந்தாம் வசனத்தையும் வாசியுங்கள் பாஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வீடியோ இங்கே பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் சுற்றிவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று காலை ஒருவர் அதை எனக்கே அனுப்பி, கீழே 'ஆமென்' என்று போட்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

வேலை போய், ஜெபத்துக்காக முன்னால் வந்து நிற்கிறார் ஒரு பெண். அவரிடம் பாஸ்டர் மைக்கில், "தசமபாகம் ஒழுங்கா கொடுத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்பதா ஊழியம்? வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பதுதான் தசமபாகம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை ஆள் குறைப்பதற்கும் அந்த அக்காவின் காணிக்கைக் கவருக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் பழைய ஏற்பாட்டில் மல்கியா 3. எப்போதும் மல்கியா 3தான்.

சரி, மல்கியாவையே எடுப்போம். பாஸ்டர் எட்டாம் வசனத்தில் ஆரம்பித்தார், தசமபாகத்தில் தேவனை வஞ்சிக்கிறீர்கள் என்ற இடத்தில். மூன்று வசனம் மேலே போனால் என்ன இருக்கிறது? கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்கிறவன், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவன், பரதேசிக்கு, அதாவது அந்நியனுக்கு, அநியாயம் செய்கிறவன், இவர்களுக்கு விரோதமாகத் தானே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். ஓவர்டைம் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற முதலாளி எவரையாவது இதுவரை மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறோமா? நிற்க வைப்பது வேலை போனவரைத்தான்.

அந்தத் தசமபாகம் என்ன, சம்பளச் சீட்டா? தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு மாடு. நிலத்தில் பங்கு கிடைக்காமல் ஆலய வேலை பார்த்த லேவியர் கோத்திரம் சாப்பிட வேண்டும் என்று வைத்த ஏற்பாடு. மல்கியா சொல்கிற பண்டசாலை எருசலேம் ஆலயத்தில் தானியம் கொட்டி வைத்த நிஜமான அறை. தசமபாகம் கொடுத்தால் கர்த்தர் தடுப்பேன் என்கிற 'பட்சிக்கிறது' என்றால் வயலைத் தின்கிற பூச்சி. நம் ஊர்ப் பிரசங்கத்தில் மட்டும் அது கார் கியர் பாக்ஸ் ஆகிவிடும், பையனுக்கு வந்த டெங்கி ஆகிவிடும். அந்த ஆலயத்தை ரோமர் கி.பி. 70-இல் இடித்துவிட்டார்கள். இன்று பண்டசாலை இருக்கிற இடத்தில் திரையில் கியூஆர் கோடு தெரிகிறது. அதிலும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிப்பதற்கு முன்னால் கணக்கிடுவதா, பின்னால் கணக்கிடுவதா என்று இளைஞர் கூட்டத்தில் ஒருமுறை அரை மணி நேரம் பேசினோம். மோசேக்கே சிரிப்பு வந்திருக்கும்.

சபை விருந்தில் இறால் சம்பல் வரும்போது லேவியராகமம் 11 யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. செதில் இல்லாதது, அருவருப்பு என்று எழுதியிருக்கிறது. கேட்டால், "அது நியாயப்பிரமாணம் பிரதர், சிலுவையில் முடிஞ்சிருச்சு." இறால் முடிந்துவிட்டது, தசமபாகம் மட்டும் முடியவில்லை!

ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது மோசேயின் சட்டத்துக்கு, முன்பே கொடுத்தாரே என்பீர்கள். கொடுத்தார், போரில் கிடைத்த கொள்ளையிலிருந்து. அதை வாங்கிய ஆசாரியர் மெல்கிசேதேக்குக்கு மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்ததாக எங்கும் இல்லை. இயேசுவே பரிசேயரிடம் தசமபாகத்தை விடச் சொல்லவில்லையே என்பது கொஞ்சம் வலுவான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது ஆலயம் நின்றுகொண்டிருந்தது, கேட்டவர்கள் யூதர்கள். புறஜாதிகளுக்கு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளுக்கு, அப்போஸ்தலர் எழுதிய கடிதம் அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது. தவிர்க்கச் சொன்னது நாலே காரியம். பத்தில் ஒன்று என்ற பேச்சே அதில் இல்லை. பவுலோ, கொடுப்பதைப் பற்றி, விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்ல என்று எழுதினார். மைக்கில் கேட்டு வாங்குவதற்கு வேறு என்ன பெயர்?

அப்புறம் மூன்றாவது பேச்சு: "உனக்குக் கொடுக்க மனமில்லை, அதான் வசனத்தை வளைக்கிறாய்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா இறந்த வருஷம் 1998. லோரி ஓட்டினவர். அம்மா தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் 480 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்கு இருந்தார். சம்பளம் வந்த இரவே மைலோ டின்னுக்குள்ளிருந்து அந்தக் கவரை எடுப்பார். மேலே பெயர், உறுப்பினர் எண், பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டம். 48 வெள்ளியை மடித்துப் போட்டு, நாக்கால் ஈரமாக்கி ஒட்டுவார். பள்ளி பஸ்காரருக்கு இரண்டு மாத பாக்கி. பக்கத்து வீட்டு மாமா மோட்டார் சைக்கிளில் என்னையும் தங்கச்சியையும் ஏற்றிப் போனார். ஒரு மாதம் கட்டம் காலியாக இருந்ததற்கு அப்போதைய பாஸ்டர் வீட்டுக்கே வந்து, "வீட்ல ஏதோ குறைவு இருக்கு சிஸ்டர், ஆராய்ந்து பாருங்க" என்றார். மறுநாள் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. இன்னும் திரும்பவில்லை.

உபாகமம் 14-ஐ நான் ஒழுங்காக வாசித்தது முப்பது வயசுக்கு மேல்தான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தசமபாகத்தை ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். அந்த டின்னை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்கியிருக்க வேண்டிய வரிசையில் நாங்கள் இருந்தோம் ஐயா. எங்களிடம் வாங்கினீர்கள்.

ஊழியருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாஸ்டருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாடகை இருக்கிறது, தெரியும். நானும் கொடுக்கிறேன், எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். அந்த அக்காவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், அவ்வளவுதான். மைக்கிலேயே கேளுங்கள்.

நேற்று இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மாதம் நான் கொடுக்கும் 300 வெள்ளியில் 30-ஐக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். "இந்தக் கவரையாவது அந்த அக்காகிட்ட கொடுக்கலாமேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுல என் நம்பர் எழுதியிருக்குப்பா. அவளுக்கு வேற கவர் எடு" என்றார்.