பூவாருக்கு ஆடியில் போங்கள், ஒற்றைக்குப் போங்கள்

கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊரான பூவாரைப் பார்க்க டிசம்பர், ஜனவரிதான் நல்ல காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த பிறகு, ஆனி ஆடியில் போக வேண்டிய ஊர் அது. கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாமல் ஒற்றைக்குப் போனால் இன்னும் நல்லது.

டிசம்பரில் என்ன நடக்கும்? படகுத்துறைப் பக்கம் போவதற்கு முன்பே ரேட் சொல்ல ஆள் வந்துவிடும். மோட்டார் படகில் ஏற்றி, கண்டல் (அலையாத்தி) மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு, யானைப்பாறை முன்னால் ஒரு போட்டோ, மணல்திட்டில் ஒரு போட்டோ, மிதக்கும் ஓட்டலில் கரிமீன், அப்புறம் கரை. பார்த்தாயா என்று கேட்டால் பார்த்தேன் என்று சொல்லலாம். எஞ்சின் சத்தத்தில் ஒரு பறவைகூடப் பக்கத்தில் நின்றிருக்காது.

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு அப்படியில்லை. இடுப்புக்குக் கீழே தண்ணீர், கண்ணுக்கு நேரே கண்டல் வேர். நீர்க்காகம் சிறகை விரித்து வைத்துக்கொண்டு, நாம் வருவதைப் பார்த்துவிட்டு, 'சரி, இது தொந்தரவு இல்லை' என்று முடிவு செய்வதுபோல அங்கேயே இருக்கும். மழை தூரத்தில் தென்னைமேல் விழும் சத்தம் முதலில் கேட்கும். பிறகுதான் நம்மேல் விழும். நனைந்தபின் நனைவதற்கு ஒன்றும் இல்லை, அவசரமும் போய்விடும். ஒரு காலை முழுக்கத் துடுப்புப் போட்டு ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் திரும்பியிருக்கிறேன், நாள் வீணானதாகத் தோன்றியதே இல்லை.

துடுப்புப் போடக் கை பலம் பெரிதாக வேண்டாம். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் துழாவினால் தோள் வலிக்காது. இதைவிட முக்கியமானது திசை. முதலில் ஆற்றை எதிர்த்து, காற்றை எதிர்த்துப் போக வேண்டும். களைத்தபின் திரும்பும்போது ஆறும் காற்றும் கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்தால் திரும்பும் பாதி தண்டனையாகிவிடும்.

அப்புறம் பொழி, ஆறு கடலில் சேரும் வாய். அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் வரும் நெய்யாறு பூவாரில்தான் கடலைச் சேர்கிறது. ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மழையில் ஆறு பெருகினால் மணல் முறியும், இல்லாவிட்டால் ஆட்களே வெட்டிவிடுவார்கள். முறிந்த பொழியில் தண்ணீர் கடலுக்குப் பாயும் வேகத்தில் கயாக் வெறும் சருகு. முறிந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. எந்த நாள் எப்படி என்று போனில் தேடினால் கிடைக்காது, கரையில் வலை பின்னுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களில் ஒரு பாட்டா (தாத்தா) என்னிடம் சொன்னார்: "மக்ளே, பொழி முறிஞ்சு கெடக்கு. அங்கோட்டு போவாதே, கேட்டியா?" எந்த எச்சரிக்கைப் பலகையைவிடவும் எனக்கு அது போதும்.

மழையிலும் வித்தியாசம் உண்டு. ஆனி ஆடி மழையில் பெரும்பாலும் இடி குறைவு. ஐப்பசி மழை அப்படியில்லை, மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு வரும். அந்த மாதத்தில் காலையிலேயே துடுப்பை வைத்துவிட்டுக் கரை ஏறுவதுதான் புத்தி.

அதே பாட்டா அடுத்துக் கேட்டதும் எல்லோரும் கேட்பதுதான்: "ஒத்தைக்கா வந்தே?" நான் பெண் என்பதால் கேள்வி இன்னும் கொஞ்சம் நீளும்: வீட்டில் தெரியுமா, கூட யாரும் இல்லையா. கோபம் வருவதில்லை, அக்கறைதான். ஆனால் அவருக்குப் பின்னால் கடலில் ஒருவர் கட்டுமரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார், அவரிடம் யாரும் இதைக் கேட்பதாகத் தெரியவில்லை. தனியாகப் போவது வேறு, யாருக்கும் சொல்லாமல் போவது வேறு. எங்கே இறங்குகிறேன், எப்போது ஏறுவேன் என்று வீட்டிலும் வாடகைக்குக் கயாக் தருகிறவரிடமும் சொல்லிவிடுவேன். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதே இல்லை, போன் நனையாத பையில் கழுத்தில் தொங்கும். சாகசம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின், கடலுக்குப் போய் வராதவர்களுக்காகக் காத்துக்கிடந்த தூத்தூர் வட்டாரம் இதோ பக்கத்தில்தான் இருக்கிறது.

தண்ணீரில் இறங்க முடியாத நாளில் நடக்கலாம். பூவாரிலிருந்து பொழியூர், நீரோடி, வள்ளவிளை என்று கரையோடு வந்தால், கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கோடு எங்கே போனதென்றே தெரியாது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் எல்லாம் ஒரே திருவிதாங்கூர்-கொச்சிதானே. கடல் தின்ற சாலை, கொட்டிவைத்த பாறைகள், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் தூண்டில் வளைவு, இதையெல்லாம் மழையில்தான் பார்க்க வேண்டும். அலை எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது வெயில் காலத்தில் புரியாது. ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், ஆட்களுக்கும் பேச நேரம் இருக்கும். வள்ளத்தில் வந்த சாளை (மத்தி) கிடைத்தால் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், மேலே ஒரு கட்டன் சாயா. அதைப் பற்றி அதிகம் எழுதினால் பசிக்கும், விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஆற்றாமை ஏ.வி.எம். கால்வாயைப் பார்க்கும்போதுதான். அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி, ராணி, ராஜா மூவர் பெயரையும் சேர்த்து வைத்த கால்வாய். பூவாரிலிருந்து கன்னியாகுமரி வரை போக வேண்டியது, மண்டைக்காட்டோடு நின்றுபோனது. சரக்கு வள்ளங்கள் ஓடிய அந்தத் தண்ணீரில் இன்று ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன, பல இடத்தில் கால்வாயே மண்ணாகிவிட்டது. கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறும் வாடைகூட எனக்குப் பிரச்சினை இல்லை, அது தொழில். குப்பைதான் பிரச்சினை. தூர்வாருவதாகப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே மோட்டார் படகுச் சுற்றுலா என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள், அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது. இன்னொரு பூவார் படகுத்துறை நமக்கு வேண்டாம். தண்ணீர் ஓடட்டும், அங்கங்கே இறங்கப் படிக்கட்டு இருக்கட்டும், ஊர்ப் பிள்ளைகள் சின்ன வள்ளத்திலோ கயாக்கிலோ துடுப்புப் போட்டுப் பழகட்டும். கடற்கரையில் பிறந்தும் துடுப்பைத் தொடாத பெண் பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர்.

இரயுமன்துறைப் பக்கமோ குளச்சல் பக்கமோ இந்தக் கால்வாயில் யாராவது சமீபத்தில் துடுப்புப் போட்டிருந்தால், எந்த இடத்தில் இறங்கலாம், எது வரை தண்ணீர் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆடி முடிவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.