வெறும் காஸ்மெட்டிக்காம்!

18,500 ரூபாய் கொடுத்து வாங்கிய புது கிட்டார். 14 மாதம் சீட்டு கட்டி எடுத்த பணம் அது. காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேண்ணா, வந்து வாங்கிக்கோங்க என்று கூரியர் பையன் போன் பண்ணியதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் உள்ளே பபிள் ரேப் ஒரே ஒரு சுற்று, ஒரு மெல்லிசான பை, அவ்வளவுதான். கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் கட்டைக்குக் கீழே, மேல்பலகையில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் பள்ளத்தைச் சுற்றி ஃபினிஷ் வெளுத்துக் கிடக்கிறது, அங்கிருந்து ஓரம் வரைக்கும் தலைமுடி கணக்காக ஒரு கீறல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது.

ஆன்லைனில் இதை விற்ற பெங்களூரு கடைக்கு போன் செய்தேன். "சவுண்டுக்கு ஒண்ணும் ஆகாது சார், அது வெறும் காஸ்மெட்டிக் டேமேஜ்." நாலு நாளில் நாலு பேர் பேசினார்கள், நாலு பேர் வாயிலும் இதே வார்த்தை. அதாவது பார்வைக்கு மட்டும்தான் குறையாம்.

வெறும்! இதே மாடல், இதே ஸ்ப்ரூஸ் மரம், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் என்றால் 16,000. பளபளப்பாக வேண்டுமென்று நான் கூடுதலாகக் கொடுத்த 2,500 எதற்கு? பார்வைக்குத்தானே? அதை வாங்கும்போது எண்ணி வாங்கிக்கொண்டீர்கள், அது அடிபட்டு வந்தால் மட்டும் கணக்கில் சேராதா? நாளைக்கே இதை செகண்ட் ஹேண்டாக விற்க உங்களிடமே கொண்டு வந்தால் முதலில் இந்தப் பள்ளத்தைத்தானே விரலால் காட்டி விலையைக் குறைப்பீர்கள்?

எங்கள் ஊர் மாங்காய் மண்டிக்கு வந்து பாருங்கள். ருசி அதேதான், ஆனாலும் தோலில் அடிபட்ட காயைத் தனியாக ஒதுக்கி, விலையைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அடிபட்டதை முழு விலைக்குத் தள்ளிவிட்டு தின்றால் இனிக்கும் போ என்று அங்கே ஒருத்தரும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கடைக்காரர்களில் ஒருவர் யோசனை சொன்னார் பாருங்கள், ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்தால் பள்ளம் எழும்பிவிடுமாம். வெறும் மரமாக இருந்தால் ஆவி உள்ளே போய் நார் உப்பும், சரி. மேலே பாலியூரித்தேன் பூச்சு இருக்கும்போது ஆவி எப்படி உள்ளே போகும்? பூச்சுதான் கொப்பளிக்கும். இன்னொருவர், பக்கத்தில் கார்பெண்டரிடம் கொடுத்து பாலீஷ் போட்டுக்கோங்க என்கிறார். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் பலகை அது, அது அதிர்ந்தால்தான் சத்தம். அதன்மேல் கதவுக்குப் பூசுகிற மாதிரி கெட்டியாகப் பூசச் சொல்கிறவர் கிட்டார் கடையில் உட்கார்ந்திருக்கிறார்!

போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பள்ளம் தெரியவில்லை, வேறு அனுப்புங்கள் என்றார்கள். ஜன்னலோரம் சாய்த்து வைத்து இருபது போட்டோ எடுத்து அனுப்பினேன். இப்போது என் பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் கிடையாது, நீங்களே கொண்டு வாருங்கள் என்கிறார்கள். கொண்டு வந்து கொடுக்க மட்டும் இந்த பின்கோடு தெரிந்ததே! கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து 90 கிலோமீட்டர் பஸ்ஸில் இதை மடியில் வைத்துக்கொண்டு நான் போக வேண்டுமாம், அதுவும் சம்பளத்தை விட்டுவிட்டு.

வீட்டிலும் இதே பாட்டுதான். "வாசிக்கத்தானே போறே, விடுடா" என்கிறார் மாமா. என் கை தவறி கதவு நிலையில் இடித்திருந்தால் அந்தத் தழும்போடு பத்து வருஷம் சந்தோஷமாக வாசிப்பேன் மாமா. இது யாரோ தூக்கிப் போட்டதற்கு நான் முழு விலை கொடுத்தது.

கடைசியாக அடுத்த பர்ச்சேஸுக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைனில் விற்கிறவர் மறுக்கக் கூடாது, 2020 இ-காமர்ஸ் விதியிலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி புகார் பதிந்தாயிற்று. அதிலும் நடக்கவில்லை என்றால் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம்.

அதுவரைக்கும் கிட்டார் பெட்டிக்குள்தான். வாசித்தால் யூஸ் பண்ணிட்டீங்க என்று அதையும் சொல்வார்கள். கம்பி வந்தபடி தளர்ந்தே கிடக்கிறது, ஒரு தடவைகூட இன்னும் ட்யூன் பண்ணவில்லை.